காட்டேரியின் காலம்

வரலாற்றுத் திகில் தொடரில் ரத்தக் காட்டேரியைப் படைப்பவர்கள், அவனை யார் கடித்தார் என்பதற்கு முன்னால் அவன் எந்தக் காலத்து மனிதன் என்று யோசிக்க வேண்டும். ஆன் ரைஸ் 1976இல் வெளியிட்ட 'இன்டர்வியூ வித் த வேம்பயர்' நாவலின் லூயி, 1791இல் நியூ ஆர்லியன்ஸ் பக்கத்தில் அவுரித் தோட்டம் வைத்திருந்தவன். தம்பி செத்த துக்கத்தில் சாவைத் தேடி அலைந்தவனுக்குச் சாகாவரம் வந்து சேர்கிறது. அதே நாவலில் ஐந்து வயதில் காட்டேரியாக்கப்பட்ட சிறுமி கிளாடியாவோ மனம் முதிர்ந்தும் உடல் வளராமல் தவிக்கிறாள். ரைஸ் தன் சின்ன மகளை ரத்தப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அதனால் கிளாடியா வரும் பக்கங்களை இலேசாகக் கடந்துவிட முடியாது. ஆனால் லூயியின் தோட்டத்தில் உழைத்த அடிமைகளின் துயரம் நாவலில் ஓரமாகவே நின்றுவிட்டது. அது எனக்குப் பெரிய மனக்குறை. இந்த நாவலைத் தழுவி 2022இல் வந்த தொலைக்காட்சித் தொடர் கதையை 1910க்கு நகர்த்தி, லூயியைக் கறுப்பினத்தவனாக்கியது. அதில் அவன் நியூ ஆர்லியன்ஸின் ஸ்டோரிவில் பகுதியில் தொழில் நடத்துகிறான், கையில் காசு புரள்கிறது, உடுப்பில் குறையில்லை. வெள்ளைக்காரர்களோடு சீட்டாட உட்கார்ந்தாலும் அவர்கள் அவனைச் சமமாக நினைப்பதில்லை. அவனைக் காட்டேரியாக்கும் லெஸ்டாட் மட்டும் சமமாக நடத்துவதாகச் சொல்கிறான். அந்த வார்த்தைக்காகத்தான் லூயி கழுத்தைக் கொடுக்கிறான். சாகாவரம் கிடைத்த பிறகும் ஊர் அவன் தோலைத்தான் பார்க்கிறது.