நரம்பு என்னும் சொல்லின் மீது ஓர் ஆக்ஷேபம்

கோடம்பாக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில், ஊசி போட வரும் செவிலி முழங்கை மடிப்பைத் தட்டிப் பார்த்து 'நரம்பு கிடைக்கவில்லை' என்பதையும், அடுத்த அறையின் வாசலில் 'நரம்பியல் நிபுணர்' என்ற பலகை தொங்குவதையும் ஒருங்கே காணலாம். முன்னது இரத்தக் குழாய். பின்னது உணர்ச்சியைக் கொண்டு செல்லும் இழை. இதனைக் காட்டி, பொருள் நிலைபெறாத பழஞ்சொற்களைக் கொண்டு சாஸ்திரம் எழுதுவது அசாத்தியம், 'நெர்வ்' என்றே வைத்துக்கொள்வதுதான் தெளிவு என்று கற்றோர் பலர் வாதிக்கிறார்கள். அவ்வாதம் எனக்குச் சிறிதும் உடன்பாடன்று.

இச்சொல் பல பொருள் பெற்றது பாமரரின் அறியாமையால் என்பது அவர்கள் கூறும் முதற் காரணம். தொல்காப்பியத்தில் நரம்பு இசைக்கு உரியது. புறநானூற்றில் காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடிய முதிய தாயின் தோளிலோ அது தோலுக்கு மேல் புடைத்துத் தெரிகிறது. இவை புலவர்களின் பிரயோகங்கள். இன்று கோடம்பாக்கத்து ஒலிப்பதிவுக் கூடங்களில் வயலின் வாசிப்பவர்கூடத் 'தந்தி' என்றே சொல்கிறார். நரம்பு பெரும்பாலும் உடலுக்கும் இலைக்கும் உரியதாகிவிட்டது.

ஐரோப்பியரின் சாஸ்திரச் சொற்கள் பிறக்கும்போதே ஒரு பொருளோடு பிறந்தன என்பது இதனினும் பெரிய பிழை. கிரேக்கரின் 'நியூரான்' ஹோமரிடம் தசைநாணையும் வில்லின் நாணையும் குறித்தது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்ஸாந்திரியாவில் ஹெரோபிலஸ் மனித உடல்களை அறுத்து ஆராய்ந்த காலத்தில்தான் உணர்ச்சி நரம்புகள் தெளிவாகப் பிரித்தறியப்பட்டன. அவற்றுக்கும் பழைய சொல்லே ஆயிற்று. 1891இல் ஜெர்மானிய உடற்கூற்று அறிஞர் வால்டேயர் அதனையே நரம்பணுவுக்குப் பெயராக்கினார்.

பழம்பொருளும் மறையவில்லை. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து மணிக்கட்டை மடக்கினால், பெரும்பாலோர்க்கு நடுவில் ஒரு நாண் எழும்பி நிற்கும். அது உள்ளங்கையில் விசிறிபோல் விரிந்து கலக்கும் வெண்படலத்துக்கு உடற்கூற்று நூல்களில் 'அபோநியூரோசிஸ்' என்று பெயர். அப்பெயரில் உறைவது ஹோமரின் தசைநாணே. அந்நாணின் அருகே, சற்று ஆழத்தில், மெய்யான நரம்பு ஒன்று ஓடுகிறது; தோலுக்கடியில் நீலச் சிரைகள். நம்மவர் நரம்பு என்றழைக்கும் மூன்றும் ஒரு விரற்கடை இடத்தில் இருக்கின்றன!

விலங்கியலிலும் இக்கதையே. லின்னேயஸ் 1758இல் தும்பிகளையும், மணலில் குழி பறித்து எறும்பைப் பிடிக்கும் குழியானை வளர்ந்து பறக்கும் பூச்சியையும், சிறகில் பின்னிய இழைகளை நோக்கி 'நியூரோப்டெரா' என்று ஒரே வரிசையில் வைத்தார். தும்பிகளைப் பின்னையோர் வேறு வரிசைக்கு மாற்றினர், பெயரை மாற்றினாரில்லை. 'நெர்வ்' என்பதன் மூலமாகிய இலத்தீன் 'நெர்வுஸ்' என்பதற்கும் முதற்பொருள் தசைநாணே.

எதிர்வாதிகளின் அச்சத்தில் ஓர் உண்மை உண்டு. கண்ணாடி கிழித்த மணிக்கட்டோடு வருபவரிடம் 'நரம்பு அறுந்துவிட்டது' என்று மட்டும் சொன்னால், இனி விரல் மடங்காதா, மரத்துப்போகுமா என்பது அவருக்கு விளங்காது. ஆனால் சிரை, தமனி, தசைநாண் என்னும் சொற்கள் நம் பள்ளிப் பாடநூல்களிலேயே இருக்கின்றன. நோயாளியிடம் பேசும்போது வைத்தியர்கள் அவற்றை வழங்கத் தொடங்கவேண்டும்.