கழியும் கட்டுப்பாடும்

சேத்தூர் முற்காலத்தில் ஒரு பாளையம். 1799-ல் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்ட கும்பினியார், 1801-ல் கிளர்ச்சியை முற்றும் ஒடுக்கித் தென்பாளையத்தாரின் கோட்டைகளை இடித்தனர், ஆயுதங்களையும் பறித்தனர். மூங்கிற் கழியும் அதனைச் சுழற்றும் வித்தையும் மட்டும் ஜனங்களிடம் எஞ்சின. அச்சிலம்பம் 2024 ஜனவரியில் தமிழகத்தில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. மகிழத்தக்கதே. ஆயினும் பதக்கத்தோடு திருப்தியடைதல் தகுமா?

சிலம்பத்தில் முதற்பாடம் வணக்கமும் காலடியுமாம். அடிமுறை பின்னரே வரும். கோபத்தால் நிலை தவறியவன் அக்கணமே அடிபடுவான். இவ்வடக்கம் பயிலாத கைகளில் ஆயுதம் ஏறினால் யாது விளையும் என்பதை 1990-களில் தென் ஜில்லாக்களில் மூண்ட ஜாதிக் கலவரங்கள் காட்டிவிட்டன. குலத்துக்கொரு களம் அமைப்பின் பகையே வளரும். ஆதலின் சேத்தூரிலும் பிற ஊர்களிலும் பள்ளி மைதானமே சிலம்பக் களமாகுக. சகல ஜாதிச் சிறுவரும் சிறுமியரும் ஓர் ஆசானின்கீழ் ஒரே வரிசையில் நிற்பாராக. எதிரே நிற்பவனை வணங்கிய பின்னரே கழியெடுக்கப் பழகிய இளைஞன், தெருவில் அவனைப் பகைவனாகக் காண்பானோ? தேசாபிமானிகள் இதனைச் சிந்திப்பார்களாக.