கைவிடாதவர்களுக்கு என்ன?

நம் ஊரில் வயதானவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும்: "இந்தக் காலத்துப் பிள்ளைகள் பெற்றவர்களைப் பார்ப்பதில்லை." பார்க்காதவர்கள் இருக்கிறார்கள், சரி. பார்க்கிறவர்களைப் பற்றி என்றைக்காவது பேசியிருக்கிறோமா?

2007-இல் வந்த மூத்த குடிமக்கள் சட்டமும் நம்மைப் போலத்தான். பெற்றோரைக் கைவிட்டால் மூன்று மாதம் ஜெயில், அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். கைவிடாமல், பக்கவாதத்தில் விழுந்த மாமியாரை ராத்திரியெல்லாம் இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்க வைக்கிறாளே மருமகள், அவளுக்கு? அதில் ஒன்றும் இல்லை. புரட்டாவிட்டால் முதுகில் புண் வரும் என்று ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது சொல்லிக் கொடுத்தாலே பெரிய காரியம். நாமோ "தெய்வம் மாதிரி பார்த்துக்கொள்கிறாள்" என்று சொல்லிவிட்டு காபி குடித்துக் கிளம்புகிறோம். தெய்வத்துக்குத் தூக்கம் வேண்டாம் அல்லவா!

லீவு ஃபைல்களோடு காலம் தள்ளியவன் நான். 2008-இல் பெண் ஊழியர்களுக்குக் குழந்தை பராமரிப்பு விடுப்பு வந்தது, மொத்தம் 730 நாள். நல்ல காரியம், குறை சொல்லவில்லை. படுத்த படுக்கையான தாய்க்கென்று அப்படித் தனி விடுப்பு உண்டா? ஈட்டிய விடுப்பைக் கரைக்க வேண்டும், பிறகு அரைச் சம்பளம், அதற்கும் பிறகு சம்பளமில்லாத லீவு.

நான் படித்த பிரெஞ்சில் இவர்களுக்கு 'எதான்' என்று ஒரு பெயர் உண்டு. 2015 டிசம்பரில் போட்ட சட்டத்தில், இவர்களுக்கு இளைப்பாறும் உரிமை உண்டு என்று அங்கே எழுதியே வைத்துவிட்டார்கள். அது பணக்கார நாடு என்பீர்கள். நம் மாஹேயை ஒட்டியுள்ள கேரளத்தில் 'ஆசுவாசகிரணம்' என்று ஒரு திட்டம். படுக்கையில் கிடப்பவரைப் பார்த்துக்கொள்கிறவருக்கு மாதம் 600 ரூபாய் என்று வைத்தார்கள். டயப்பர் செலவுக்குக்கூடக் காணாதுதான். ஆனாலும் நீ ஒருத்தி இருக்கிறாய் என்று அரசாங்கம் ஒப்புக்கொண்ட பணம் அது. புதுச்சேரியில் கேட்டுத்தான் பார்ப்போமே.

அரசாங்கத்தை மட்டும் சொல்வானேன்? எண்பது வயதானால் நம் பென்ஷன் 20 சதவீதம் கூடுகிறது. அதில் வாரம் இரண்டு மத்தியானம் ஓர் ஆளை வைத்தால், வீட்டில் பார்க்கிறவள் கண்ணயரலாம். வீடியோ காலில் "அம்மா இளைத்துவிட்டாளே" என்று கேட்கிற பிள்ளை, டிக்கெட் போட்டு வந்து பதினைந்து நாள் பார்க்கட்டும். அந்தப் பதினைந்து நாளும் இங்கே இருப்பவள் தன் அம்மா வீட்டுக்குப் போய் வரட்டும்.