கடைசியில் வருகிறவர் யார்?

உளுந்தூர்பேட்டையிலிருந்து ஒரு சகோதரி எனக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருக்கிறார். சென்னை – திருச்சிச் சாலையிலிருந்து சேலத்துக்குப் பாதை பிரியும் ஊர் அல்லவா அது? மூட்டை கட்டிய மோட்டார் சைக்கிள்கள் பத்தும் பன்னிரண்டுமாக வந்து காப்பிக்கு நிற்பதை அவர் எத்தனையோ தடவை வேடிக்கை பார்த்திருக்கிறாராம்.

“அந்த மாதிரிக் கூட்டத்தில் என் மகளும் ஒருத்தியாகப் போவாள் என்று நான் நினைக்கவே இல்லை. அவளுக்கு வயது 26. சென்னையில் உத்தியோகம். நேபாளத்துக்குப் போய், அங்கே வாடகை மோட்டார் சைக்கிளில், வழிகாட்டியோடு கூட்டமாக முக்திநாத் போகிறார்களாம். ‘அம்மா, நீயும் என் பின்னால் உட்கார்ந்து வா’ என்கிறாள். என் மாமியார் ‘முக்திநாத், முக்திநாத்’ என்று சொல்லிக்கொண்டே கண்ணை மூடினவர். எனக்கும் ஆசைதான். ஆனால் வயது 53. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். முன்பணம் கட்டப் பத்து நாள்தான் இருக்கிறது. கேட்டவர்கள் எல்லாம் சிரிக்கிறார்கள். போகலாமா, கூடாதா? மகள் கல்லூரி நாளிலிருந்தே ஸ்கூட்டர் ஓட்டுகிறவள், லைசென்ஸ் வைத்திருக்கிறாள்.”

ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். ஆனால், கடிதத்தின் கடைசி வரி என்னை நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு வருகிறேன். இதே கேள்வி வேறு பல வீடுகளிலும் இப்போது எழுந்திருக்கும் என்பதால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

வழிகாட்டியோடு போகும் இந்தக் கூட்டங்கள் எப்படி நடக்கின்றன? பாதை தெரிந்த ஒருவர் முன்னால் போவார். நடுவில் யாத்திரிகர்கள். எல்லாருக்கும் கடைசியில் அநுபவம் உள்ள இன்னொருவர் வருவார். அவரைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது. அதற்கும் பின்னால் மெக்கானிக்கும் மூட்டை முடிச்சுகளும் ஏறிய ஜீப். பாதை பிரியும் இடம் வந்தால், முன்னவருக்கு அடுத்து வருகிறவர் அங்கேயே நின்று கை காட்டுவார். கடைசி ஆள் வந்து சேரும் வரை நகர மாட்டார். இந்த ஏற்பாடு ஒழுங்காக இருந்தால் மெதுவாகப் போகிறவர்களும் வழி தவற மாட்டார்கள். இது இல்லாவிட்டால் அது யாத்திரைக் கோஷ்டி அல்ல, பந்தயக் கோஷ்டி.

ஆகவே, முன்பணம் கேட்கிறவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, “முன்னால் போகிறவர் யார்?” என்பதல்ல. “கடைசியில் வருகிறவர் யார்? அவருக்கு முதலுதவி தெரியுமா? ஜீப்பில் எத்தனை பேருக்கு இடம்?” என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் பணத்தைப் பெட்டியிலேயே வைத்துப் பூட்டுங்கள்.

இனிப் பாதையைப் பார்ப்போம். பொக்காராவிலிருந்து பேனி, தாத்தோபானி, ஜோம்சோம் வழியாக முக்திநாத் 200 கிலோமீட்டருக்கும் குறைவுதான். உளுந்தூர்பேட்டையிலிருந்து சென்னைக்குள்ள தூரத்துக்கு உள்ளேதான் இருக்கும். ஆனால் கிலோமீட்டரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். காளி கண்டகி நதியை ஒட்டிய மலைப்பாதை அது. புழுதியும் சரளைக் கல்லும் சேறும் மாறி மாறி வரும். ஜோம்சோம் பக்கம் பகல் ஏற ஏறப் பலத்த காற்று கிளம்பிவிடும். அதனால் காலையிலேயே கடந்துவிடுவது நல்லது.

தூரத்தை விட உயரத்தைத்தான் கவனிக்க வேண்டும். பொக்காரா கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,700 அடி; முக்திநாத்தோ 12,000 அடிக்கும் மேல். 8,000 அடியைத் தாண்டினாலே சிலருக்குத் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை தொடங்கும். எவ்வளவு திடகாத்திரமானவரும் இதற்கு விலக்கு அல்ல. இருபது வயதுக்காரரைப் படுக்கவைத்துவிட்டு அறுபது வயதுக்காரரைச் சும்மா விட்டுவிடுவதும் உண்டு. தலைவலியோடு மேலே ஏறக் கூடாது. அதிகமானால் உடனே கீழே இறங்குவதுதான் வைத்தியம். ஒரே நாளில் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம் என்று யாராவது பெருமையாகச் சொன்னால் கும்பிடு போட்டு விலகிக்கொள்ளுங்கள். வழியில் இரண்டு இரவாவது தங்கி ஏறும் கோஷ்டியே நல்ல கோஷ்டி. ரத்த அழுத்தம் உள்ள சகோதரி, தம் டாக்டரிடம் உயரத்தைச் சொல்லி, அவர் சம்மதித்த பிறகே மற்ற ஏற்பாடுகளைத் தொடங்க வேண்டும்.

காலமும் முக்கியம். ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே மழை, மலை சரியும். 2024 ஜூலையில் நேபாளத்தில் சிமல்தால் என்ற இடத்தில் ஏற்பட்ட நிலச்சரிவு, இரண்டு பஸ்களைத் திரிசூலி நதிக்குள் தள்ளிவிட்டது. மழைக் காலத்தில் கட்டணம் குறைவு என்று விளம்பரம் வந்தால் அந்தச் சலுகை நமக்கு வேண்டாம். அக்டோபர், நவம்பர் அல்லது மார்ச் முதல் மே வரை பார்த்துக்கொள்ளுங்கள்.

நேபாளத்துக்கு நமக்கு விசா வேண்டியதில்லை. ஆனால் பாஸ்போர்ட்டோ வாக்காளர் அடையாள அட்டையோ கையில் இருக்க வேண்டும். ஆதார் இருக்கிறதே என்று நம்பிப் புறப்பட்டு விமான நிலையத்தில் விழிக்க வேண்டாம். நம்மைப் போலவே அங்கும் சாலையின் இடப்புறம்தான் வண்டி ஓட்டுகிறார்கள். அது ஒரு நிம்மதி. வியட்நாம் போன்ற தேசங்களில் வலப்புறம். பழகிய கையும் கண்ணும் அங்கே தடுமாறும்.

இப்போது அந்தக் கடைசி வரிக்கு வருகிறேன்.

சகோதரி, உங்கள் மகளின் லைசென்ஸை வாங்கி நீங்களே படித்துப் பாருங்கள். அதில் ‘எம்.சி.டபிள்யூ.ஓ.ஜி.’ என்று மட்டும் இருந்தால், கியர் இல்லாத வண்டிக்குத்தான் அநுமதி. ‘எம்.சி.டபிள்யூ.ஜி.’ என்று இருந்தால்தான் கியர் உள்ள மோட்டார் சைக்கிள் ஓட்டலாம். நம் பெண்களில் பலர் ஸ்கூட்டரிலேயே பரீட்சை கொடுத்து லைசென்ஸ் வாங்கியவர்கள். ஓர் எழுத்து வித்தியாசத்தைக் கவனிப்பதே இல்லை. ஊருக்குள் அதனால் தொல்லை வராமல் இருக்கலாம். அந்நிய தேசத்தில் மலைச் சரிவில் விழுந்து கால் முறிந்தால், இன்ஷூரன்ஸ்காரர் முதலில் கேட்பது அந்தக் காகிதத்தைத்தான். உரிய லைசென்ஸ் இல்லையென்றால் ஆஸ்பத்திரிச் செலவும், ஹெலிகாப்டர் வரவழைத்தால் அந்தச் செலவும் உங்கள் தலையில் விழும். பிரயாண பாலிசி எடுக்கும்போதும், மோட்டார் சைக்கிள் சவாரியும் 12,000 அடி உயரமும் அதில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இத்தகைய பிரயாணங்களுக்குப் பெரும்பாலும் கொடுக்கப்படுவது, 1955-ல் சென்னையில் தொடங்கி, திருவொற்றியூரில் வளர்ந்த புல்லட் கம்பெனியின் வண்டிகள். நம் ஊர் வண்டிதான் என்றாலும் எடை ஏறக்குறைய 200 கிலோ. நின்றால் இரண்டு காலும் தரையில் ஊன்றுமா என்று உட்கார்ந்து பார்த்துவிட்டு அல்லவா ஒப்புக்கொள்ள வேண்டும்? அதில் பின்னால் தாயாரையும் ஏற்றிக்கொண்டு, சரளைக் கல்லில், பக்கத்திலே பாதாளம் தெரிய ஓட்டுவது முதல் தடவை செய்ய வேண்டிய காரியம் அல்ல.

ஆகையால் என் பதில் இதுதான்: போங்கள், ஆனால் இந்தப் பத்து நாளில் முன்பணம் கட்டாதீர்கள். கியர் வண்டிக்குப் பழகுநர் உரிமம் எடுத்தால், 30 நாள் கழித்து உங்கள் மகள் பரீட்சைக்குப் போகலாம். தேறிய பிறகு, விடுமுறைக்கு வரும்போதெல்லாம் கச்சிராயபாளையத்திலிருந்து கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு ஏறும் பாதையில் ஓட்டிப் பழகட்டும். உங்கள் மாவட்டத்திலேயே மலை இருக்கும்போது இமயத்தில் போய் ஏன் பாடம் ஆரம்பிக்க வேண்டும்? ஆறு மாதம் பழகின கையோடு அடுத்த பருவத்தில் கிளம்பலாம்.

நீங்களும் போகலாம், ஆனால் மகளின் பின்னால் அல்ல, ஜீப்பில். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. கடைசியாக வந்தாலும் அதே முக்திநாத்தானே? ராணிபௌவா என்ற ஊரில் இறங்கி, எல்லாரும் போலவே மெல்லப் படியேறிப் போய், கோமுகங்கள் 108-லிருந்தும் கொட்டும் பனி நீரில் தலையை நனைத்துக்கொள்ளலாம். உங்கள் மாமியாருக்காகவும் ஒரு கை அள்ளித் தெளித்துக்கொள்ளுங்கள்.

சிரிக்கிறவர்களைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் திரும்பி வந்ததும் பிரசாதம் கேட்டு முதலில் வாசலில் நிற்கப்போகிறவர்கள் அவர்கள்தாம். கொஞ்சம் அதிகமாகவே வாங்கி வாருங்கள்.