கல் நிலத்தில் எதை நடுவது?

தோட்டத்தில் நல்ல மண் ரப்பருக்கு. மீந்த மண் தொழிலாளிக்கு. பால்மரக் காட்டில் பிறந்து வளர்ந்த எவருக்கும் இது புதிய செய்தி அல்ல.

1923-ஆம் ஆண்டில் ஐக்கிய மலாய் மாநிலங்களில் வந்த தொழிலாளர் சட்டம், குடும்பத்தோடு வாழும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலத்தைப் பயிரிடவோ மாடு மேய்க்கவோ ஒதுக்கும்படி முதலாளிகளைப் பணித்தது. நம் பாட்டன்மார் கணக்கில் அது மாகாணி ஏக்கர். சுமார் 2,700 சதுர அடி. சட்டத்தில் அளவு இருந்தது. ஆனால் பல தோட்டங்களில் கைக்கு வந்தது மேட்டுச் சரிவும் சரளைக் கல்லும்தான். இன்று எத்தனையோ தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்டன. ஆயினும் லயத்தின் பின்புறத்திலோ புதுக் குடியிருப்பின் ஓரத்திலோ இப்படியொரு துண்டு நிலத்தை நம்பி மண்வெட்டி பிடிப்போர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

கல்லைக் கண்டதும் நம்மவர் செய்வது என்ன? மரவள்ளிக் குச்சியை ஊன்றிவிட்டுப் போய்விடுகிறார்கள். மரவள்ளி புளிப்பு மண்ணையும் வறட்டு மண்ணையும் பொறுத்துக்கொள்ளும் என்பது உண்மை. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் அரிசி இல்லாதபோது இந்நாட்டு மக்களின் வயிற்றை நிரப்பியது அதுவே. ஆனால் வயிறு நிரம்பியும் உடம்பு தேறாமல் போன கதையையும் அந்தக் காலத்து மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். மரவள்ளியில் மாவுச்சத்து உண்டு. தசைக்கு வேண்டிய புரதம் மிகக் குறைவு. மேலும், அதே இடத்தில் ஆண்டுதோறும் மரவள்ளியையே நட்டால், மண்ணிலுள்ள சாம்பல் சத்தை அது உறிஞ்சிவிடும். சரிவில் கிழங்கைப் பிடுங்கும்போது இளகும் மண்ணை அடுத்த மழை அடித்துச் செல்லும். எஞ்சுவது கல் மட்டுமே.

ஆகவே மரவள்ளி இருக்கட்டும். ஆனால் நிலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். கிழங்கையும் இலையையும் நன்றாக வேகவைத்து, நீரை வடித்த பின்பே உண்ண வேண்டும் என்பதையும் மறக்கலாகாது.

இன்னொரு பங்கு பயற்றுக்கு ஆகட்டும். இளம் ரப்பர்க் கன்றுகளுக்கு இடையே புவேரேரியா, கலோப்போகோனியம் போன்ற கொடிகளைத் தோட்ட நிர்வாகம் ஏன் வளர்த்தது? அவை பயற்றினம். வேர் முடிச்சுகளின் வழியே காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணுக்குக் கொடுப்பவை. மண் அரிப்பையும் தடுப்பவை. மரத்துக்கு அந்த ஊட்டம் வேண்டுமென்று துரைமார் அறிந்திருந்தார்கள். நம் பிள்ளைகளுக்கு அது வேண்டாமா? தட்டைப்பயறு இரண்டு மூன்று மாதத்தில் காய்க்கும். புளிப்பு மண்ணையும் தாங்கும். துவரையின் வேர் கல்லின் இடுக்கில் ஆழமாக இறங்கும். உதிரும் அதன் இலையும் மண்ணுக்கு எருவே.

மூன்றாம் பங்கு கீரைக்கும் கனிக்கும். முருங்கைக்குத் தண்ணீர் தேங்கும் பள்ளம் ஆகாது. நீர் வடியும் கல் சரிவு ஆகும். மழை மிகுந்த இந்நாட்டில் காய் குறைவாக இருந்தாலும் இலைக்குப் பஞ்சமில்லை. அன்னாசி புளிப்பு மண்ணை விரும்பும் பயிர். முன்பு இளம் ரப்பருக்கு நடுவே ஊடுபயிராக நின்றதும் அதுதான். கனி கைக்கு வர ஓர் ஆண்டுக்கு மேலாகும். சர்க்கரைவள்ளிக் கொடி தரையை மூடும். அதன் கொழுந்து கறிக்கு ஆகும். மிளகாயும் முட்டைக்கோசும் முதல் ஆண்டிலேயே வேண்டுமென்று ஆசைப்பட்டால் உழைப்பு வீணாகும்.

அகல உழுவதைவிட ஆழ உழு என்பது பழமொழி. கல் நிலத்தில் அதைக் குழி வெட்டச் சொன்னதாகவே கொள்ள வேண்டும். நிலம் முழுவதையும் கொத்தி இடுப்பொடிய வேண்டாம். கடப்பாரையால் ஒன்றரை அடி அகலம், ஓரடி ஆழத்தில் குழி வெட்டி, மக்கிய சாணமும் சருகும் மேல்மண்ணும் கலந்து நிரப்புங்கள். அடுப்புச் சாம்பலைக் கொஞ்சம் தூவுங்கள். அது மண்ணின் புளிப்பைக் குறைத்து, சாம்பல் சத்தையும் தரும். பொறுக்கிய கல்லைத் தூர எறியாமல், சரிவுக்குக் குறுக்கே வரிசையாக அடுக்குங்கள். ஓடும் மண் அங்கே தங்கிவிடும்.

எழுதப் படிக்கத் தெரிந்த கிராணிமார்களுக்கும் இதில் வேலை உண்டு. மண்ணின் புளிப்பைச் சோதித்துத் தரும்படி விவசாய இலாகாவுக்கு எழுதித் தாருங்கள். ஒதுக்கிய நிலத்தின் அளவையும் ஒதுக்கிய நாளையும் எழுத்தில் வாங்கித் தாருங்கள். அந்தக் காகிதம் இல்லாமல் முருங்கை நட்டவன், வீட்டைக் காலி செய்யும் நாளில் காய்த்த மரத்தைப் பிறருக்கு விட்டுத்தான் போக வேண்டும். நிலம் எத்தனை நாள் நம்மிடம் இருக்கும் என்று தெரியாதவன் பயற்றையும் கீரையையும் நடலாம். மரம் நட அவனுக்குத் துணிவு வராது. எதை நடுவது என்ற கேள்வி, நிலம் யாருடையது என்ற கேள்வியில்தான் போய் முடிகிறது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். கொல்லையில் கீரை விளைகிறதே, சம்பளத்தை ஏன் கூட்ட வேண்டும் என்று கேட்பாரும் உண்டு. வெயிலேறும்வரை மரத்தடியில் உழைத்தவன், பொழுது சாயும் நேரத்தில் கல்லோடு மல்லுக்கட்டி எடுக்கும் விளைச்சல் அவன் பிள்ளைகளின் கூடுதல் உணவு. அதைக் கூலிக் கணக்கில் கழிக்க எவருக்கும் உரிமை இல்லை.

தோழர்களே, கல்லைப் பார்த்துச் சோர வேண்டாம். நிலத்துக்கு ஏற்ற பயிரை நடுங்கள். நட்டதை அறுக்கும்வரை அந்த நிலத்தில் நிற்கும் உரிமையைச் சங்கத்தின் வழியே எழுத்தில் கேளுங்கள். தனியாளாகக் கேட்பதை மறுப்பது எளிது. தோட்டமே திரண்டு கேட்டால் அது எளிதல்ல.