இரண்டு பட்டியல்கள்

டிசம்பர் பிறந்தால் எங்கள் வீட்டுக் குளிர்பெட்டியின் கதவில் இரண்டு பட்டியல்கள் தொங்கும். ஒன்று என்னுடையது: அரிசி, பருப்பு, வெங்காயம், தண்ணீர். மற்றது என் வீட்டுக்காரருடையது: டீசல், எண்ணெய், பில்டர், பெல்ட். அவரும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து வாங்கிய 32 அடிப் பழைய பாய்மரப் படகு ஒன்று லங்காவியில் நிற்கிறது. ஆண்டு இறுதியில் ஐந்து நாள் எங்கள் முறை. பிள்ளைகளோடு தீவு தீவாகப் போய், படகிலேயே சமைத்து, படகிலேயே தூங்கிவிட்டு வருவோம்.

"மழைக்காலத்தில் கடலுக்கா?" என்று மாமியார் வருடம் தவறாமல் கேட்பார். கிழக்குக் கரைக்கு அது சரியான கேள்வி. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் ரெடாங், தியோமான் பக்கம் அலை பெரிது. விடுதிகள் பலவும் மூடிக்கிடக்கும். அதே காற்று மேற்கே வரும்போது நிலம் குறுக்கே நின்று தடுத்துவிடும். ஜனவரி, பிப்ரவரியில் லங்காவியில் வெயிலும் அமைதியான கடலும்தான். குளிர்காலம் என்று ஒன்று இல்லாத நமக்கு, படகுக்காரர்களின் சீசன் அது.

இந்த வருடம் நான் அவ்வளவு எளிதில் சம்மதிக்கவில்லை. காரணம் சென்ற ஜனவரி.

படகு என்ஜின் கடல்தண்ணீரை உறிஞ்சித்தான் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. அந்தப் பம்புக்குள் உள்ளங்கையில் அடங்கும் ஒரு ரப்பர் சக்கரம், இம்பெல்லர் என்பார்கள். அதன் இதழ்கள் உடைந்தால் தண்ணீர் ஏறாது, என்ஜின் கொதிக்கும். உபரி இம்பெல்லர் வாங்க வேண்டும் என்று அவர் பட்டியலில் இருந்தது. பக்கத்தில் 'அடுத்த முறை' என்றும் எழுதியிருந்தது.

சிங்கா பெசார் தீவின் அருகே என்ஜின் நின்றது. அவசரத்தில் சூடான மூடியைத் திறந்தார். நீராவி அடித்து வலது கை வெந்துவிட்டது. காற்று இல்லை, பாயும் தொங்கிவிட்டது. நீரோட்டம் எங்களைப் பாறைப் பக்கம் மெல்ல இழுத்தது. வானொலியைக் கையில் எடுத்தேன். எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியவில்லை. எட்டு வயது மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மீன்பிடிக்கப் போன ஒரு பாக்சிக் எங்களைப் பார்த்துத் திரும்பி வந்தார். எங்கள் படகில் ஏறியதும் அவர் செய்த முதல் வேலை, முன்னால் கிடந்த நங்கூரத்தை இறக்கியது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. படகு நின்றுவிட்டது. அரைமணி நேரமாக அந்த நங்கூரம் என் காலடியில்தான் கிடந்தது.

"என்னங்க, நீங்க விழுந்தா படகை நிறுத்த எனக்குத் தெரியணும். அதுவரைக்கும் பிள்ளைங்களை ஏத்த மாட்டேன்" என்றேன். அவர் எதிர்த்துப் பேசவில்லை. கைத் தழும்பைத் தடவிக்கொண்டார்.

ஆகவே இந்த முறை பட்டியல்களை மாற்றிக்கொண்டோம். சமையலறைக் கணக்கு அவருக்கு. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர். நாலு பேர், ஐந்து நாள், 80 லிட்டர். அவர் சரியாக 80 என்று எழுதினார். இரண்டு நாள் கூடுதலாகத் தங்க நேர்ந்தால்? அதையும் சேர்த்து 120, அதுவும் தனித்தனிக் கேன்களில். தொட்டித் தண்ணீர் கழுவுவதற்கு மட்டும். தொட்டி கசிந்தாலும் குடிக்க இருக்கும். பாத்திரத்தைக் கடல்தண்ணீரில் தேய்த்து, கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர்.

அட்டைப்பெட்டி எதுவும் படகில் ஏறக்கூடாது. மடிப்புகளில் கரப்பான் முட்டை வரும். டின் சார்டினின் காகிதத்தை உரித்துவிட்டு மார்க்கரில் பெயர் எழுதுவேன். ஈரத்தில் கழன்ற காகிதம், அடியில் தேங்கும் நீரை இறைக்கும் பம்பை ஒருமுறை அடைத்திருக்கிறது. முட்டைக்கோஸ், பூசணி, பச்சைத் தக்காளி தாங்கும். தக்காளித் தொக்கு, பருப்புப் பொடி, நெத்திலி சம்பால் இருந்தால் ஐஸ் கரைந்த பிறகும் கவலையில்லை. கோழிக்கறியைத் தட்டை டப்பாக்களில் உறையவைத்தால் இரண்டு நாளைக்கு அதுவே ஐஸ். இட்லி மாவு மட்டும் வேண்டாம். ஒருமுறை கொண்டுபோய், படகுச் சூட்டில் பொங்கி வழிந்து, மகனின் தூக்கப்பை வரை போனது.

குக்கர் அவசியம்: ஆட்டத்தில் மூடி கழலாது, கேஸும் மிச்சம். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. வீட்டில் கசிந்தால் வாசல் வழியே வெளியேறலாம். படகில் அடித்தளத்தில் இறங்கித் தேங்கும், ஒரு பொறி போதும். அடுப்பை அணைத்தால் போதாது, ஒவ்வொரு முறையும் சிலிண்டரையே மூட வேண்டும்.

என் பங்குக்கு அவருடைய பட்டியல். இம்பெல்லர் இரண்டு வாங்கினேன். ஒன்றை நானே கழற்றி மாட்டினேன். மூன்று மணி நேரம், இரண்டு நகம் போயிற்று. டீசலில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, ஒரு பங்கு தொடாமல் வைப்பதற்கு. வானொலியில் அலைவரிசை 16. உயிருக்கு ஆபத்தென்றால் 'மேடே' மூன்று முறை. என்ஜின் நின்ற மாதிரி விஷயங்களுக்கு 'பான்-பான்'. பிறகு படகின் பெயர், இருக்கும் இடம், என்ன ஆயிற்று, எத்தனை பேர். மகன் இதைப் பெரிய எழுத்தில் அட்டையில் எழுதி வானொலி பக்கத்தில் ஒட்டிவிட்டான்.

நங்கூரத்துக்கு நாள்காட்டியும் வேண்டும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாள்களில் லங்காவியில் கடல்மட்டம் கிட்டத்தட்ட 3 மீட்டர் ஏறி இறங்கும். நீர் இறங்கிய நேரத்தில் ஆழம் 5, ஏற்றத்துக்கு 3, படகு முனையின் உயரம் 1, மொத்தம் 9. சங்கிலி அதைப்போல் ஐந்து மடங்கு, 45 மீட்டர். மாமியாரின் நாள்காட்டியிலிருந்து அந்த வாரத் தாள்களைப் படம் எடுத்துக்கொண்டேன். எதற்கென்று கேட்டார், சொன்னேன். "கடலுக்குப் போக நல்ல நேரம் பார்க்கிறியாக்கும்" என்று சந்தோஷப்பட்டார்.

போன சனிக்கிழமை ஒத்திகை. குவாலா கெடாவில் பெரி ஏறிக் குவா போய், படகைத் தாயாங் பூந்திங் தீவுப் பக்கம் ஓட்டிப்போனோம். வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும், வாயைத் திறக்கக்கூடாது என்று ஏற்பாடு. என்ஜினை நிறுத்தினேன். முன்னால் நடந்து போய் நங்கூரத்தை இறக்கினேன். முதல் முறை பிடிக்காமல் இழுத்துக்கொண்டு போனது. அவர் வாயைத் திறந்தார், மகள் "அப்பா!" என்று அதட்டினாள். இன்னும் பத்து மீட்டர் சங்கிலி விட்டேன். நின்றது. கரையில் ஒரு மரத்தையும் ஒரு பாறையையும் ஒரே கோட்டில் வைத்துப் பதினைந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். அசையவில்லை.

அதற்குப் பிறகுதான் அரிசி வாங்கினேன். வெள்ளிக்கிழமை கிளம்புகிறோம். அவர் பட்டியலில் இன்னும் உப்பு இல்லை, நானாகச் சொல்லப்போவதில்லை.