மங்காஃப் எங்கே இருக்கிறது?



விழுப்புரம் பக்கத்துக் கெடாரிலிருந்து ஒரு தாய் எழுதிய கடிதம் இந்த மாதத் தபாலில் வந்தது. மகன் குவைத்தில் கட்டட வேலை செய்கிறான். தினமும் ராத்திரி வீடியோ காலில் வருகிறான். அங்கே ஒன்பது மணி என்றால் இங்கே பதினொன்றரை. அதுவரை இவர் தூங்காமல் காத்திருக்கிறார். மகன் முகத்துக்குப் பின்னால் எப்போதும் ஒரே காட்சிதான்: மேல்கட்டிலின் இரும்புச் சட்டம், அதில் காயப்போட்ட துண்டு, சுவரில் ஒரு ஆணி, ஆணியில் தொங்கும் பை. சாப்பிட்டியா, உடம்பு நல்லா இருக்கா, பணம் வந்து சேர்ந்துச்சா என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அவன் இருக்கிற தெரு எப்படி இருக்கும், காலையில் எந்தக் கடையில் டீ குடிப்பான், பக்கத்துக் கட்டிலில் எந்த ஊர்க்காரர் என்று கேட்கலாம் என நினைப்பதற்குள் அவனுக்குக் கண் சொக்குகிறது. அந்த ஊரைப் பற்றி நம் இதழில் யாராவது எழுதக்கூடாதா என்று கேட்டிருக்கிறார்.

அந்தக் கேள்வியை அப்படியே உங்கள் முன் வைக்கிறேன்.

விழுப்புரம், செஞ்சி, திண்டிவனம் வட்டாரத்திலிருந்து கொத்தனார்களும் கம்பி கட்டுகிறவர்களும் டிரைவர்களும் சமையல்காரர்களும் வளைகுடாவுக்குப் போவது இன்று நேற்று தொடங்கியதல்ல. விசாவுக்கு எவ்வளவு ஆகும், எந்த ஏஜென்ட்டை நம்பலாம், பத்தாவது முடிக்காதவர் பாஸ்போர்ட்டுக்கு என்ன நடைமுறை, இன்றைக்குத் தினார் என்ன விலை என்பதெல்லாம் இங்கே டீக்கடை பெஞ்சிலேயே தெரிந்துவிடும். ஆனால் நம் பிள்ளைகள் பத்துப் பதினைந்து வருடம் வாழ்ந்துவிட்டு வருகிற அந்த ஊர்களைப் பற்றி நமக்கு என்ன தெரியும்?

2024 ஜூன் 12 அன்று விடிகாலையில் குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர்கள் தங்கியிருந்த ஒரு கட்டடம் தீப்பிடித்தது. 40க்கும் மேற்பட்ட இந்தியர்கள் இறந்தார்கள். அவர்களில் 7 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். நம் விழுப்புரம் மாவட்டத்துக்காரரும் ஒருவர். விமானப்படை விமானம் உடல்களைக் கொச்சிக்குக் கொண்டுவந்தது. மறுநாளெல்லாம் மங்காஃப் என்ற பெயர் எல்லாத் தமிழ்ப் பத்திரிகைகளிலும் இருந்தது. அந்தப் பேட்டையில் அவர்கள் எத்தனையோ வெள்ளிக்கிழமைகள் துணி துவைத்திருப்பார்கள், கூட்டாகச் சோறாக்கியிருப்பார்கள், ஊர்ப் பண்டிகைக்கு நன்கொடை வசூலித்திருப்பார்கள். அப்போதெல்லாம் யாரும் ஒரு வரி எழுதவில்லை. அவர்கள் செத்த பிறகுதான் அவர்கள் வாழ்ந்த ஊரின் பெயர் நமக்குத் தெரிந்தது. அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து இது என் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

வளைகுடா பற்றி நம்மிடம் இருப்பவை இரண்டு வகைக் கதைகள்தான். ஏமாந்துபோனவரின் கண்ணீர் ஒன்று, மாடி வீடு கட்டியவரின் பெருமை இன்னொன்று. மலையாளத்தில் பென்யாமின் 2008இல் எழுதிய ‘ஆடுஜீவிதம்’ மகத்தான நாவல்; தமிழிலும் பலர் படித்திருக்கிறார்கள். ஆனால் அது பாலைவனத்தில் ஆடுகளோடு தனித்து விடப்பட்ட ஒருவனின் கதை. நம் ஆட்களில் பெரும்பாலோர் நகரங்களில் இருக்கிறார்கள். அந்த நகரத்துச் சாதாரண நாளுக்குத் தமிழில் இன்னும் சரியாக இடம் கிடைக்கவில்லை.

அரபு மக்கள் தங்கள் நகரங்களை எப்படி எழுதினார்கள் என்று பாருங்கள். காலித் அல் கமிஸ்ஸி என்ற எகிப்து எழுத்தாளர் கெய்ரோவின் டாக்ஸி டிரைவர்களோடு நடக்கும் 58 பேச்சுகளைச் சேர்த்து ‘டாக்ஸி’ என்றே ஒரு புத்தகம் போட்டார். பள்ளிக் கட்டணம், போலீஸ் மாமூல், காருக்கு வாங்கிய கடன் எல்லாம் அதில் வரும். மஹல்லா அல் குப்ரா கெய்ரோ போலப் பெருநகரம் இல்லை, மில்கள் நிறைந்த ஊர். அங்கே மருந்தாளுநராக இருந்த காதா அப்துல் ஆல், தன்னைப் பெண் பார்க்க வந்தவர்களைப் பற்றி 2006இல் வலைப்பூவில் எழுதத் தொடங்கினார். 2008இல் அது புத்தகமானது. 2010 ரமலான் மாதத்தில் தொலைக்காட்சித் தொடராக வந்தது. அதில் வரும் பெண்பார்க்கும் படலங்கள் விழுப்புரத்தில் நடந்ததாகச் சொன்னாலும் நம்பிவிடுவோம். பாக்தாதில் ரிவர்பெண்ட் என்ற புனைபெயரில் ஒரு இளம்பெண் 2003 முதல் எழுதினார். போர் பற்றிய எத்தனையோ அலசல்களைவிட, மின்சாரம் எத்தனை மணி நேரம் வந்தது, தண்ணீர் எப்போது நின்றது என்று அவர் எழுதியவைதான் அந்த ஊரை எனக்குக் காட்டின.

தமிழிலும் அதே காலத்தில் ஒரு அலை எழுந்தது. 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம், சிதறிக் கிடந்த தமிழ் வலைப்பூக்களை ஒரே இடத்தில் திரட்டிக் காட்டியது. துபாயிலும் ரியாத்திலும் இருந்துகொண்டு நிறையத் தமிழர்கள் எழுதினார்கள். ஆனால் அன்று எழுதியவர்களில் பலர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள். சென்ட்ரிங் பலகை தூக்கியவருக்குக் கம்ப்யூட்டர் கைக்கு எட்டவில்லை. இன்றைக்கு அவர் கையில் போன் இருக்கிறது. அவர் எழுத வேண்டும் என்பதே என் ஆசை.

எதை எழுதுவது என்று தயங்க வேண்டாம். ஷார்ஜாவின் ரோலாவில் இருப்பவர்கள், ரியாத்தின் பத்தாவில் விடுமுறை மாலையில் ஊர் ஊராகக் கூடி நிற்பவர்கள், துபாய் க்ரீக்கில் 1 திர்ஹாம் கொடுத்துப் படகேறித் தேராவிலிருந்து அக்கரை போகிறவர்கள் எல்லாருக்கும் சொல்ல ஏதாவது இருக்கிறது. குவைத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பகல் 11 மணியிலிருந்து 4 மணி வரை வெயிலில் வேலை வாங்கக்கூடாது என்று சட்டம். அந்த ஐந்து மணி நேரத்தை எங்கே கழிக்கிறீர்கள்? அறைக்குப் போக பஸ் வருமா, இல்லை கட்டடத்து நிழலிலேயே அட்டை விரித்துப் படுப்பீர்களா? மெஸ்ஸில் யார் முறை வைத்துச் சமைப்பது? சாம்பாருக்கு முருங்கைக்காய் கிடைக்கிறதா? பாகிஸ்தான்காரரும் நேபாளியும் நீங்களும் ஒரே அறையில் எந்த மொழியில் சண்டை போட்டுச் சமாதானம் ஆகிறீர்கள்? குப்பூஸ் ரொட்டி வாங்கும் கடைக்காரரின் ஊர் எது? எனக்கு இவைதான் வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். எழுதியதற்காகச் சிறை போனவர்கள் அந்தப் பக்கம் உண்டு. சவுதியின் ராயிஃப் பதாவி 2012இல் கைதானார். 10 ஆண்டு சிறையும் 1000 கசையடியும் தண்டனையாக விதித்தார்கள். 2022இல்தான் வெளியே வந்தார். அவர் சொந்த நாட்டுக்காரர். நீங்கள் வேலைக்குப் போனவர்கள், உங்களை நம்பி ஒரு குடும்பம் இருக்கிறது. அதனால் கம்பெனி பெயர், முதலாளி பெயர், கேம்ப் பெயர் எதுவும் வேண்டாம். அனுமதியில்லாமல் யாரையும் படம் எடுத்து அனுப்ப வேண்டாம். உங்கள் பெயரையும் நாங்கள் போடமாட்டோம். ஊர்ப் பெயர் மட்டும் போதும். சம்பளப் பாக்கி, பாஸ்போர்ட் பிடித்து வைப்பது மாதிரியான துயரம் இருந்தால் அதை இங்கே எழுதிக் காத்திருக்காமல் உடனே இந்தியத் தூதரகத்துக்குப் போங்கள்.

எழுத்துப் பிழையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். எழுத வராது என்றால் வாட்ஸப்பில் பேசி அனுப்புங்கள், நாங்கள் எழுதிக்கொள்கிறோம். விடுமுறையில் ஊருக்கு வந்திருப்பவர்கள் வீட்டில் இருந்தால், பெட்டி பிரித்த சந்தடி அடங்கியதும் தம்பி தங்கைகள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதி அனுப்பலாம். கணவருக்கோ மகனுக்கோ காத்திருக்கும் பெண்களும் எழுதுங்கள். இரவு பதினொன்றரை வரை விழித்திருப்பதும் அந்த நகர வாழ்க்கையில் சேர்ந்ததுதான். அடுத்த இதழிலிருந்து இதற்காக இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். முதலில் வந்து சேர்வது குவைத்திலிருந்து என்றால், அந்த இதழின் முதல் பிரதி கெடாருக்குப் போகும்.

அன்புடன்,
ஆசிரியர்